மார்கழி பத்து

"போயும் போயும் ஒரு சட்டைக்காரியையா புடிச்சிட்டு வருவான்? அவிய ரத்தம் என்ன, நம்ம ரத்தம் என்ன?"

கனகலட்சுமி இதைத் திங்கட்கிழமை காலையில் சட்னி அரைக்கும்போது ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை ஆகியும் ஒரு சொல் மாறவில்லை. ராஜபாளையத்தில் அந்தத் தெருவுக்கே மனப்பாடம். கணவர் முத்துராமலிங்கத்துக்கு மட்டும் பாதிப்பில்லை. பேண்டேஜ் துணி ஃபேக்டரி வைத்திருப்பவர். தறிச் சத்தத்துக்குப் பழகிய காது.

விஷயம் இதுதான். மகன் அழகுராஜா, மதுரையில் கூட வேலை பார்க்கும் ஜாஸ்மினைத்தான் கட்டுவேன் என்கிறான். ஜாஸ்மின் ஆங்கிலோ இந்தியப் பெண். பூர்வீகத்தில் எவனோ ஒரு வெள்ளைக்காரன். மற்றபடி தலைமுறை தலைமுறையாக மதுரை ரயில்வே காலனி. அவர்களைத்தான் நம் பக்கம் சட்டைக்காரர்கள் என்பது.

போட்டோவைக் காட்டினான். அதில் இன்னொரு வில்லங்கம் முளைத்தது. பெண் நல்ல கருப்பு.

"சட்டைக்காரின்னா வெள்ளையாச்சும் இருக்க வேண்டாமாடா? அதுவும் இல்லைன்னா எதுக்குடா சட்டைக்காரி?"

கலப்பு இருப்பதும் தப்பு, இருப்பது வெளியே தெரியாததும் தப்பு. அந்தப் பெண் எந்தப் பக்கம் போய் நின்றாலும் தலையில் குட்டு.

கடைசியில் கனகலட்சுமியே ஒரு வழி சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் பிறந்த வீடு இருக்கிறது. அண்ணன் விஜயபாண்டி கோர்ட்டில் பேர்போன வக்கீல். பெண்ணும் தகப்பனும் அங்கே வரட்டும். அண்ணன் சரியென்றால் கல்யாணம், வேண்டாமென்றால் வேண்டாம். பொறவு யாரும் மூச்சு விடக் கூடாது.

அண்ணன் என்ன சொல்வார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அழகுராஜாவுக்கும் இல்லை. பாவம், அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜாஸ்மினின் அப்பா ஆல்வின் மகளோடு வந்து சேர்ந்தார். ரிட்டயர்டு ரயில்வே கார்டு. கையில் பால்கோவா டப்பா. ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பால்கோவா வாங்கி வரும் ஆளைப் பார்த்து கனகலட்சுமி உதட்டைச் சுழித்தாள்.

காபி வந்தது. ஆல்வின் தயங்கித் தயங்கிப் பேச்சை ஆரம்பித்தார்.

"தெரு முக்குல வக்கீல் விஜயபாண்டி வீடு எதுன்னு கேட்டேங்க. 'யாரு, சட்டைக்கார வீடா'ன்னாங்க. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. நாங்க வர்றது அதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போச்சான்னு."

விஜயபாண்டிக்குக் காபி புரையேறியது.

கனகலட்சுமி அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "அது வேற, இது வேறங்க. இது எங்க கொள்ளுத்தாத்தாவால வந்த பேரு. ஊரே வெறும் மேலோட திரிஞ்ச காலத்துல அவிய ஒருத்தருதான் சட்டை போட்டாக. அதான் சட்டைக்கார வீடு."

அதோடு விட்டாளா? கொள்ளுத்தாத்தாவுக்கு மலை எஸ்டேட்டில் பெரிய உத்தியோகம் என்றாள். குதிரையில்தான் இறங்கி வருவாராம். தொப்பி இல்லாமல் வாசல் தாண்ட மாட்டாராம். வெயில் பட்டால் முகம் செக்கச் செவேல் என்று ஆகிவிடுமாம். "காபி ஆறுது கனகு" என்று அண்ணன் இரண்டு தடவை குறுக்கிட்டுப் பார்த்தார். நிறுத்துகிற ரகமா அவள்?

"மார்கழி பத்தானா இன்னைக்கும் அவியளுக்குப் படையல் உண்டுங்க. மத்தவுக வீடு மாதிரி வடை, சுழியன் எல்லாம் கிடையாது. கேக்கும் ஒயினும்தான். அண்ணன்தான் பேக்கரில சொல்லி வைக்கும். அம்புட்டு நாகரிகமான மனுசரு."

ஜாஸ்மின் போனில் காலண்டரைத் திறந்து மார்கழி பத்தைத் தேடினாள். டிசம்பர் இருபத்தைந்து. உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவிடம் நீட்டினாள்.

ஆல்வின் போனைப் பார்த்தார். பிறகு விஜயபாண்டியைப் பார்த்தார். விஜயபாண்டி மின்விசிறியைப் பார்த்தார்.

ஒரே ஒரு வார்த்தை போதும், கனகலட்சுமியின் ஒரு வாரக் கச்சேரி அங்கேயே முடிந்திருக்கும். ஆல்வின் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பெரிய மனுசரா இருந்திருப்பாரும்மா," என்றார். "கேக்ல முந்திரி கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லுங்க. பெரியவங்களுக்குப் பிடிக்கும்."

விஜயபாண்டி தொண்டையைச் செருமினார். குறுக்கு விசாரணை இப்போது வரும் என்று கனகலட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வக்கீல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நல்ல எடம் கனகு. தை மாசமே நாள் பாத்துருவோம்."

அழகுராஜா தட்டிலிருந்த அதிரசத்தை எடுத்துக் கடித்தான்.

கனகலட்சுமி மறுக்க வாயைத் திறந்தாள். ஆனால் மூச்சு விடக் கூடாது என்று சொன்னவளும் அவள்தானே. போகட்டும், சொன்ன சொல்லை மாற்ற முடியாது. கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் வாயை மட்டும் எப்படி மூடுவது? ஆல்வின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். எங்க ஆளுக யாரு கேட்டாலும், நீங்க சட்டைக்காரங்கன்னு மட்டும் சொல்லிராதீக."

விஜயபாண்டி இன்னும் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துராமலிங்கம் காலி டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஜாஸ்மின் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். காதில் விழவில்லையோ என்று கனகலட்சுமி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்குன்னு ஊருக்குள்ள ஒரு பேரு இருக்குங்க. அதைக் காப்பாத்திக் குடுங்க."