நீலமாய்த் தெரிந்த தெரு

“வானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது” என்றான் ஆராய்ச்சி மாணவன் செங்குட்டுவன், வியர்வையைத் துடைத்தபடி. செயற்கைக்கோள் படத்தில் திருவொற்றியூரே சூட்டில் சிவந்திருக்க, அவன் நின்றிருந்த தகரக்கூரைத் தெரு மட்டும் குளிர்ந்த நீலம்.

ஏணியில் நின்று கூரைமேல் ஈரச்சாக்கு விரித்த வரலட்சுமி கேலியாகக் கேட்டாள்: “அப்ப இந்தத் தெரு கூரைக்கெல்லாம் சூடு கொறைய கவர்மென்ட்டு வெள்ளை பெயிண்ட் அடிக்காதா சார்?”

“சூடான தெருவுக்குத்தான். குளிர்ச்சினு சாட்டிலைட்டே சொல்லுது, நீ இன்னாத்துக்கு சாக்கு நனைச்சிகினு கீற?”

“கொயந்த உடம்பெல்லாம் வேர்க்குரு சார்.”

“வேர்க்குருவ சாட்டிலைட் கணக்குல சேக்காது.”

பேராசிரியர் போனில் வந்தார். “பளபளக்குற தகரம் கொதிச்சாலும் படத்துல குளிர்ச்சியாத்தான் தெரியும். அதைத் திருத்திட்டுத்தானே கவர்மென்ட்டுக்கு அறிக்கை அனுப்பினே?”

“இல்ல சார். அத வச்சி எந்தெந்தத் தெருவுக்கு பெயிண்ட்னு முடிவே பண்ணிட்டாங்க.”

உள்ளே அவன் மகள் அழுதாள். மனைவி வரலட்சுமியின் கையிலிருந்த சாக்கை வாங்கி, செங்குட்டுவன் வாளியில் நனைத்தான்.