விளக்குக்காரிக்கு வாய் வந்தது

“அவளைக் கொன்னுட்டீங்க மேடம்” என்றார் டிசைனர்.

வசனகர்த்தா அசரவில்லை. கையிலிருந்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள். “பதினோரு வருஷமா வாயில்லாப் பூச்சியா இருந்தவ சார். நாலு வார்த்தை பேசிட்டுத்தான் சாகட்டுமே.”

கொலை நடந்த இடம் ஒலிப்பதிவு அறை. செத்ததாகச் சொல்லப்பட்டவள் ஒரு வீடியோ கேம் நாயகி. கையில் ஒரு விளக்கோடு சுரங்கம் சுரங்கமாக இறங்கித் தொலைந்துபோன தம்பியைத் தேடுகிறவள் என்பதால், விளையாடுகிற எல்லோருக்கும் அவள் விளக்குக்காரி.

மூன்று பாகம் வந்தாயிற்று. ஒரு ‘உம்’ கூட அவள் வாயிலிருந்து வந்ததில்லை. இப்போது நாலாம் பாகத்தில்தான் அவளுக்குக் கோபம், கிண்டல், பிடிவாதம் எல்லாம் வந்திருக்கிறது. பதிவு எப்போதோ முடிந்துவிட்டது; கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வசனங்களைக் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு இருட்டுன்னா பயம் இல்ல. இருட்டுக்குக் கண்ணா இருக்கு, என்னையே பாக்கறதுக்கு?”

“அவ காலிக் குடம் மேடம்” என்றார் டிசைனர். “விளையாடறவங்க அவங்கவங்க தண்ணிய ஊத்தி வெச்சிருந்தாங்க. நீங்க கழுத்து வரைக்கும் நிரப்பிட்டீங்க.”

“பொண்ணுன்னா உங்களுக்கெல்லாம் காலிக் குடமாத்தான் இருக்கணும், இல்ல?”

விளக்குக்காரியை முதன்முதலில் பென்சிலால் வரைந்தவர் அவர்தான். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பா மாதிரி கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார், பாவம்.

அவரிடம் சொல்லாத காரணம் ஒன்று வசனகர்த்தாவுக்கு இருந்தது. அவளுடைய ஒன்பது வயது மகள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்து இரண்டு வருடமாகிறது. வீட்டிலும் ‘பசிக்குது’, ‘வேணாம்’ என்று ஒரு நாளைக்கு நாலு வார்த்தை தேறினால் அதிகம். மற்றதெல்லாம் தலையாட்டல்தான்.

ஆனால் சாயங்காலம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விளக்குக்காரியோடு உட்கார்ந்துவிட்டால் போதும், அதே குழந்தைக்கு வாய் ஓயாது. அவளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரே ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு அசந்துபோனார். “இந்த ஒரு நூல்தாம்மா நம்ம கையில இருக்கு. இது அறுந்தா மறுபடி புடிக்கறது ரொம்பக் கஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதிலே சொல்லாத ஒரு பொம்மையோடு இவ்வளவு பேசுகிறவள், அது பதில் பேசினால் எவ்வளவு பேசுவாள்! பெற்ற வயிறு அப்படித்தான் கணக்குப் போட்டது. எட்டு மாதம் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, குழந்தை பேசியதை எல்லாம் நோட்டில் எழுதினாள்.

அந்தப் பேச்சுக்கு விளக்குக்காரி சொல்லும் பதிலை எழுதுவதாகத்தான் முதலில் எண்ணம். ஆனால் குழந்தையின் வார்த்தைகளே விளக்குக்காரியின் வாயில் அச்சாகப் பொருந்தின. ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெண்ணும் தன்னைப் போலவே வசனத்தில் கெட்டிக்காரி என்று தாய்க்குப் பெருமை தாங்கவில்லை.

“பழைய மூணு பாகத்துலயும் இந்தக் குரல் வந்துடும் இல்ல?” என்று டிசைனரைக் கேட்டாள்.

“நீங்க பிடிவாதம் புடிச்ச மாதிரியேதான். இன்னிக்கு அஞ்சு மணிக்கு எல்லார் வீட்டுலயும் தானா மாறிடும். அப்புறம் நானே அழுது புரண்டாலும் பழையவ திரும்ப மாட்டா.”

அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அஞ்சேகால். மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. புத்தகப்பை வெளியே கிடந்தது, ஒற்றை ஷூ அதன் மேல். அம்மா தன் வழக்கமான இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

“எனக்கு இருட்டுன்னா பயம் இல்ல” என்றாள் உள்ளே விளக்குக்காரி.

குழந்தையின் குரல் வரவில்லை. ஆச்சரியத்தில் வாயடைத்துப்போயிருப்பாள் என்று அம்மா சிரித்துக்கொண்டாள்.

விளக்குக்காரி கதவை உடைத்தாள், வௌவாலைத் திட்டினாள், தம்பியை நினைத்து விசும்பினாள். அரை மணி நேரம் அவள் மட்டும்தான் பேசினாள். நோட்டில் ஒரு வரி விழவில்லை.

டிவி அணைந்தது. கதவைத் திறந்துகொண்டு மகள் வந்தாள். கையிலிருந்த கன்ட்ரோலரை, இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தருவது போல அம்மாவின் மடியில் வைத்தாள்.

“என்னடா கண்ணு, அவ பேசறா பாத்தியா? நீ சொன்னதெல்லாம் அப்படியே சொல்றா!”

குழந்தை தலையாட்டினாள்.

“அப்புறம் என்ன? நீயும் பதிலுக்குப் பேச வேண்டியதுதானே? இத்தனை நாள் அவகூட எவ்வளவு பேசுவ!”

குழந்தை அம்மாவை விநோதமாகப் பார்த்தாள். உதடுகள் இரண்டு தடவை திறந்து மூடின. மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

“அவளுக்குப் பேச வராதேன்னுதாம்மா நான் பேசினேன்.”