தம்மாமில் தெரியும் நாற்காலி

லப்பைக்குடிக்காட்டுக் கல்யாண மண்டபத்தில், மேடைக்குக் கீழே லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்திருக்கிறான் தௌஃபீக். நேரலைக்குப் பொறுப்பு அவன். காதோரம் போனில், சவூதியின் தம்மாமிலிருந்து, மணப்பெண்ணைப் பெற்ற அத்தா. “மேடை நாற்காலி காலியா இருக்கே தம்பி, எம் புள்ள எங்க?” அவர் பார்ப்பது நேற்றுச் சோதனைக்கு எடுத்த வீடியோ. சோதனை சர்வரின் செட்டிங்கை அவசரத்தில் நிஜ சர்வரிலும் அப்படியே ஏற்றிவிட்டான். திரையில் இரண்டு சர்வர் ஜன்னலுக்கும் வித்தியாசம் தெரியாதபடி ஒரே கறுப்பு நிறத்தை வைத்த மடையனும் அவன்தான். பிரியாணி அண்டாவில் கரண்டி மோதும் சத்தம் மண்டையைக் குடைகிறது. ஒரு வரியை மாற்றுகிறான், அழிக்கிறான், மறுபடி மாற்றி சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறான். “இப்பப் பாருங்க மாமா.” “ஃபேன் சுத்துது, ஆளுங்க நடக்குறாங்க. நாற்காலி மட்டும் இன்னும் காலியாத்தான் இருக்கு.” தௌஃபீக் நிமிர்ந்து மேடையைப் பார்க்கிறான். மணப்பெண்ணின் நாற்காலி நிஜமாகவே காலி. வாசலில் மாப்பிள்ளை வீட்டுக் கார் கிளம்புகிறது.