முன்மாதிரி மாமியார்

“கோவிச்சுக்காம கேளுங்க அத்தை. நாங்க தனியா வீடு பாத்துட்டோம்.”

இதைச் சொன்னபோது மருமகள் கையில் இருந்த அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மாமியார் முகம் சுளிக்கவில்லை. சுளித்தால் மதிப்பெண் குறையும்.

ஆலயத்தின் பின்கூடத்தில் சனிக்கிழமைப் பயிற்சி. தலைப்பு, ‘கடினமான உரையாடல்களில் பகுத்தறிதல்’. வந்திருந்த இருபத்திரண்டு பேரையும் போதகர் ஜோடி ஜோடியாகப் பிரித்திருந்தார். ஒவ்வொரு ஜோடியாக நடுவில் வந்து உட்கார்ந்து, பெட்டியிலிருந்து ஓர் அட்டை எடுக்க வேண்டும். அதில் ஒரு சங்கடமான செய்தி இருக்கும். ஒருவர் அதைத் தன் வார்த்தையில் சொல்ல, மற்றவர் கிறிஸ்தவ அன்போடு கேட்டு, சொல்லாமல் விட்டதையும் உணர்ந்து பதில் தர வேண்டும். சிறப்பாகச் செய்பவருக்குக் குடும்ப ஆலோசனைக் குழுவில் காலியாக இருக்கும் ஒரே இடம்.

அந்த இடத்துக்காக மாமியார் ஒன்பது வருடமாகக் காத்திருந்தார். ஒரே போட்டி, பாடகர் குழுத் தலைவரின் மனைவி. அந்த அம்மாள் சற்றுமுன் தன் முறையில் நான்கு தடவை குறுக்கே பேசிக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார். கர்த்தர் நல்லவர்.

“வீடா? எங்கம்மா?” என்றார் மாமியார், குரலில் தேன் தடவி.

“பேக்கரிக்கு மேல, ரெண்டாவது மாடி. உங்க பையன் ஆபீசுக்குக் கிட்ட.”

மாமியார் அசந்துபோனார். வீட்டில் உப்பு போதுமா என்று கேட்டால் ‘ம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறவள், இங்கே நடிப்பில் என்னமாய் வெளுத்து வாங்குகிறாள்!

கரும்பலகையில் முதல் விதி: காரணம் கேள்.

“என்மேல ஏதாவது குறையா? மனசுல வச்சுக்காம சொல்லும்மா.”

“பெருசா ஒண்ணுமில்ல அத்தை. கதவைத் தட்டாம உள்ள வர்றீங்க. நான் மடிச்சு வச்ச துணியைப் பிரிச்சு மறுபடி மடிக்கிறீங்க. நான் போன் பேசினா உடனே டிவி சத்தத்தைக் குறைக்கிறீங்க.”

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருமகள் யாரை மனதில் வைத்துப் பேசுகிறாள் என்று மாமியாருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வீட்டில் ஒரு மருமகளை வைத்திருக்கும் பாடகர் குழுத் தலைவரின் மனைவியைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டாம் விதி: ஜெபித்துவிட்டுப் பதில் சொல். மாமியார் ஒரு முழு நிமிடம் கண்களை மூடினார். அதில் நாற்பது வினாடி, குழுவில் பேசப்போகும் ஏற்புரைக்குப் போனது.

“நீ சொன்னது வலிக்குதும்மா. ஆனா முகத்துக்கு நேரா சொன்ன பாரு, அது போதும் எனக்கு. தாராளமா போங்க. என் ஆசீர்வாதம் உண்டு. அந்தப் பெரிய பீரோவையும் எடுத்துட்டுப் போங்க.”

பீரோ அவராகச் சேர்த்தது. கூடுதல் மதிப்பெண்ணுக்கு.

“நிஜமாவா அத்தை?”

“சபைக்கு முன்னால சொல்றேன். நான் சொன்னா சொன்னதுதான்.”

மருமகள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். கூடமே எழுந்து கைதட்டியது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இதுதாங்க பகுத்தறிதல்! எதிர்ல இருக்கிறவங்க மனசை அப்படியே படிச்சிட்டாங்க. குழுவுல அந்த இடம் அம்மாவுக்குத்தான்.”

“பீரோவையே தூக்கிக் குடுத்துட்டாங்களேப்பா,” என்று பாடகர் குழுத் தலைவரின் மனைவி பக்கத்தில் முணுமுணுத்தார். “எங்க மாமியார் ஒரு கரண்டி குடுத்ததில்ல.”

மாமியார் அடக்கமாகத் தலைகுனிந்தார். ஏழெட்டுப் பேர் வந்து கைகுலுக்கினார்கள். மருமகள் கண்ணைத் துடைத்தபடி போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

இப்படியொரு வெற்றிக்கு ஞாபகமாக ஏதாவது வேண்டாமா? நாற்காலியில் கிடந்த அட்டையை எடுத்து, பைக்குள் போடும் முன் மாமியார் ஆசையாக ஒருமுறை படித்தார்.

‘உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் நாய் இரவெல்லாம் குரைக்கிறது. இதை அவரிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.’

வராந்தாவிலிருந்து மருமகளின் குரல் தெளிவாகக் கேட்டது. “ஆமாங்க, எல்லார் முன்னாடியும்தான் சரின்னாங்க. நாளைக்கே வண்டி சொல்லிடுங்க. கொஞ்சம் பெரிய வண்டியா சொல்லுங்க... பீரோவும் வருது.”