சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது

அறுபத்திரண்டு வீதம்.

றொனால்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கைபேசியைப் பார்த்தான். காரின் படத்துக்குக் கீழே இப்போது அறுபத்து மூன்று.

கார் மோர்னிங்சைட்டில், ஒரு கோப்பிக் கடைக்குப் பின்னால் உள்ள பொதுச் சார்ஜரில் நின்று மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது. அவன் சில மைல் தள்ளி, அஜின்கோர்ட்டில், பதினோராம் மாடி வீட்டின் குசினி மேசையில் இருந்தான். காருக்குள் அவன் மனைவி அன்ரனெற் இருந்தாள். இருக்க வேண்டும்.

அவளுடைய கைபேசி அவனுக்கு முன்னால், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆகவே மனைவியோடு பேச வழியில்லை. காரோடு மட்டும் பேசலாம்.

மூன்று வருடமாக அந்தக் காருக்குச் சார்ஜ் ஏற்றுவது அவனுடைய உத்தியோகம். அவள் அந்த வயரைத் தொட்டதே கிடையாது. அது பாம்பு, நான் பாம்பாட்டி என்று கலியாண வீடுகளில் மைக் பிடித்துச் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்திருக்கிறான்.

இன்றைக்கு அவளே பாம்பைப் பிடித்துச் சொருகியிருக்கிறாள்.

மே பதினெட்டு. வருடாவருடம் இந்த நாளில், தம்பி யோசப்பின் படத்துக்கு முன்னால் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவாள். தொலைந்ததை எடுத்துத் தருகிறவர் அந்தோனியார். வீட்டுச் சாவியை இரண்டு தரமும் மகளின் பாஸ்போர்ட்டை ஒரு தரமும் எடுத்துத் தந்தவர். யோசப்பைத்தான் பதினாறு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். யுத்தம் முடிந்த அன்று கையை உயர்த்திக்கொண்டு ஆமியிடம் போனவன் அவன். போனதைக் கண்டவர்கள் உண்டு. வந்ததைக் கண்டவர்கள் இல்லை.

ஆர் இவனைப் போகச் சொன்னது? திரி கொளுத்தும்போதெல்லாம் அவள் கேட்பாள். றொனால்டை அல்ல, அந்தோனியாரை.

இன்று காலை அந்தோனியாருக்குப் பதிலாக றொனால்ட் வாய் திறந்தான்.

ஸ்காபரோவில் றொனால்டிடம் ஆலோசனை கேட்டு வெறுங்கையோடு போனவர் இல்லை. எந்த ரயர் போடுவது, எந்தப் பல் டொக்டரிடம் போவது, ஸ்ரௌவ்வில்லில் வீடு இப்போது வாங்கலாமா, எல்லாவற்றுக்கும் அவனிடம் விடை இருக்கும். பதினாறு வருடத்துக்கு முன் ஒரு சற்றலைற் போனில் யோசப் கேட்டபோதும் இருந்தது. போ, ஒன்றும் செய்ய மாட்டார்கள்.

அதைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தான் மடையன். இறங்கியதுதான். அவள் தலையில் இறங்கியது.

அன்ரனெற் அழவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"எத்தினை மணிக்குப் போன் எடுத்தவன்?"

"ஞாபகமில்லையப்பா."

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். கார்ச் சாவியை எடுத்தாள். கதவை மெல்லச் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எழுபத்தொன்று.

வெளியே ஐஸ் தண்ணீர் போல மழை. அவளுடைய மழை ஜக்கெற் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

கைபேசியில் இருந்த கார்ச் செயலியில் அவனுக்கு நாலு அதிகாரங்கள் இருந்தன. ஹோர்ன் அடிக்கலாம். கதவைப் பூட்டலாம். சார்ஜை நிறுத்தலாம். இருக்கையைச் சூடாக்கலாம். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு பொத்தான் வைக்கக் கார்க் கொம்பனிக்குத் தோன்றவில்லை.

சாரதி இருக்கையைச் சூடாக்கும் பொத்தானை அமத்தினான். திரையில் சின்னதாய் ஒரு சிவப்புக் கோடு எரிந்தது.

அரை நிமிடத்தில் அணைந்தது.

அவன் அணைக்கவில்லை.

நெட்வேர்க் கோளாறாக்கும் என்று மறுபடி போட்டான். மறுபடி அணைந்தது, இம்முறை உடனேயே.

அப்பாடா. இருக்கிறாள். காருக்குள்தான் இருக்கிறாள், கோபமாக இருக்கிறாள். மனைவியின் கோபத்துக்காக றொனால்ட் கர்த்தருக்கு நன்றி சொன்னது, இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

எழுபத்தாறு.

எண்பதில் அது தானாக நின்றுவிடும். எண்பதுக்கு மேல் ஏற்றினால் பற்றரிக்குக் கூடாது, நூறு வீதம் என்பது தூரப் பயணத்துக்கு மட்டும் என்று அவன்தான் அந்த எல்லையைப் போட்டு வைத்தவன். அவளுக்கும் எத்தனையோ தரம் விளங்கப்படுத்தியிருக்கிறான். அவள் "ம்" என்பாள். காதில் விழுந்ததா என்று தெரியாது.

எண்பதில் நிற்கும். வயரைக் கழற்றுவாள். இந்த மழைக்குள் எங்கே போகப் போகிறாள், வீட்டுக்குத்தான் வருவாள். வந்ததும் மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும்.

மிச்சம் இருந்தது.

நேரம் அவனுக்கு நல்ல ஞாபகம். ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஆறு பத்து; அங்கே திங்கள் விடியப்புறம். இரைச்சலுக்குள்ளால் யோசப் முதலில் கேட்டது ஆலோசனை அல்ல.

"அத்தான், அக்காவைக் குடுங்கோ."

அக்கா, அப்போது அவர்கள் இருந்த வீட்டின் நிலவறையில், உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். வந்தால் குளறி அழுது, கிடைத்த இரண்டு நிமிடத்தையும் கரைத்துவிடுவாள் என்று பட்டது. அவள் வேலைக்குப் போய்விட்டாள் என்றான். பிறகுதான் ஆலோசனை.

மடித்த உடுப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் படியேறி வந்தாள்.

"ஆரப்பா போனில?"

பிழையான நம்பர் என்றான் றொனால்ட்.

எழுபத்தொன்பது.

திரையில், அவன் தொடாமலே, எல்லைக்கோடு அசைந்தது. எண்பதை விட்டு நகர்ந்தது. தொண்ணூறில் கொஞ்சம் தயங்கியது. பிறகு நூறில் போய் நின்றது.

சார்ஜை நிறுத்துகிற பொத்தான் அவனுடைய பெருவிரலுக்குக் கீழேயே இருந்தது.

எண்பத்தொன்று.