எதிர் வீட்டுத் துணிக்கொடி

“எதிர் வீட்டு மாடியில துணி காயுதா, பாரு!”

சங்கீத சபைச் செயலாளர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து கத்தினார்.

“நீங்களே வந்து பாருங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு” என்றாள் மனைவி.

ஓடி வந்து ஜன்னலைத் திறந்தார். எதிர் வீட்டு மொட்டை மாடியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை துணிதான். முன்னால் பெரிய பெரிய போர்வைகள். பின்னால் இன்னும் என்னென்னவோ. கொடியே தொய்ந்து போயிருந்தது.

அது வானிலை அதிகாரியின் வீடு. அவர் வானொலியில் சொல்வதை அந்தத் தெருவில் ஒரு ஜீவனும் நம்புவதில்லை. ஆனால் அவர் மனைவி துணி காயப்போட்டால் அன்றைக்கு மழை கிடையாது. கொடி காலியாக இருந்தால் குடையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. தெருவே அவளை ‘வானிலை அம்மா’ என்றுதான் கூப்பிட்டது.

“உங்க வீட்டுக்காரர் சாயங்காலம் கனமழைன்னாரே!” கொடியருகே நின்றவளுக்குச் செயலாளர் ஜன்னலிலிருந்தே குரல் கொடுத்தார்.

“அவர் கிடக்கார், விடுங்க சார்! போன வாரம் ‘வறண்ட வானிலை’ன்னு படிச்சுட்டுத் தொப்பலா நனைஞ்சு வந்தார்.”

செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சபைக்கு நாற்காலி போட்டு, வித்வான்களுக்கு வெந்நீர் ஆற்றிக் கொடுத்து, கடைசியில் நன்றியுரை சொன்னவர் அவர். இந்த வருஷம்தான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு நிகழ்ச்சி நிரலில் தன் பெயரைத் தானே எழுதினார். தனிக் கச்சேரி, முழுசாக மூன்று மணி நேரம். அதற்காக ஒரு மாதமாகத் தினமும் காலை நாலரைக்கு ஜன்னலைத் திறந்துவைத்துச் சாதகம் செய்தார்.

இப்போது பாக்கி ஒரே கேள்வி. பள்ளிக்கூட மண்டபமா, மைதானமா? மண்டபத்துக்குக் கூரை உண்டு. ஆனால் இருநூறு பேர்தான் உட்காரலாம். மைதானத்தில் ஆயிரம் பேர் கேட்கலாம், கூரை கிடையாது. பத்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

“மைதானம்தாங்க. உங்க குரலை மண்டபம் தாங்காது” என்றாள் மனைவி.

முப்பது வருஷத்தில் அவர் பாட்டைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மைதானம் என்று போனில் சொல்லிவிட்டு வந்தார்.

“என் சந்தனக் கலர் சட்டை எங்கே?”

“பையில பேனா மையைக் கொட்டி வெச்சிருக்கீங்களே! துவைக்கப் போட்டாச்சு. வெள்ளையைப் போட்டுக்கங்க.”

தெருமுனையில் மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

“என்ன, வியாபாரம் எப்படி?”

“ஒரு மாசமா தலைவலி மாத்திரை நிக்கவே மாட்டேங்குது சார். தூக்கமில்லைன்னு வேற வர்றாங்க. எல்லாம் நம்ம தெருக்காரங்கதான்.”

“சீதோஷ்ணம் மாறுதில்லையா? சுகாதாரத்துறை என்னய்யா பண்ணுது? இந்த மந்திரிசபை போனாத்தான் நாட்டுக்கு விடியும்!”

“விடியறதுதானே சார் இப்பப் பிரச்சினையே” என்றார் மருந்துக்கடைக்காரர்.

நாட்டு நடப்பில் இவருக்கு இவ்வளவு ஞானமா என்று வியந்தபடி செயலாளர் நடையைக் கட்டினார்.

சாயங்காலம் மைதானம் நிரம்பி வழிந்தது. முதல் ஐந்து வரிசையும் அவர் தெருக்காரர்கள். ஒருவர் விடாமல் மடியில் குடை வைத்திருந்தார்கள்.

“குடை எதுக்கு?” மேடையிலிருந்தே கேட்டார்.

“மேடை விளக்கு கண்ணைக் கூசுது சார்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

செயலாளர் சம்மணமிட்டு அமர்ந்தார். தொண்டையைக் கனைத்தார். கண்ணை மூடி, கையை உயர்த்தி, வாயைத் திறந்தார். அதே நொடியில் மேகமும் திறந்துகொண்டது. சட சடவென்று அடித்த மழையில் மைக்செட்காரர் மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார். ஐந்து வரிசைக் குடையும் ஒன்றாக விரிந்தது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி கிளம்புவதைப் போல மொத்தத் தெருவும் வெளிநடப்புச் செய்தது. போகும்போது கைதட்டிக்கொண்டே வேறு போனார்கள்.

அதைக் கேட்டு, நனைந்த நிலையிலும் செயலாளருக்குப் புல்லரித்தது. வாயைத் திறந்ததற்கே இந்தக் கைதட்டல் என்றால், பாடியிருந்தால்?

அவர் வீடு வந்து சேர்வதற்குள் மழை விட்டுவிட்டது. எதிர் மாடியில் விளக்கைப் போட்டுக்கொண்டு வானிலை அம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தன் துக்கத்தையும் மீறி அவருக்கு மனசு கேட்கவில்லை. பாவம், அந்த அம்மாளின் ஒரு நாள் உழைப்பு!

“பதினோரு வருஷத்துல முதல் தடவையா தப்பிடுச்சேம்மா!” என்று ஜன்னலிலிருந்து சொன்னார். “துவைச்ச துணியெல்லாம் வீணாப் போச்சே!”

“அதனால என்ன சார்? இனிமேதானே துவைக்கவே போறேன்!”

சிரித்துக்கொண்டே அவள் முன்னாலிருந்த போர்வையை உருவினாள். அதற்குப் பின்னால் மருந்துக்கடைக்காரரின் வெள்ளைக் கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டி, பையில் நீல மைக்கறை கொஞ்சமும் கலையாமல், செயலாளரின் சந்தனக் கலர் சட்டை.