கலெக்டரின் இருபது நிமிடம்

காலையில் இருபது நிமிடம் நடக்காத கலெக்டரின் கையெழுத்தை அரசுக் கணினி ஏற்காது. கலெக்டர் நிறைமதிக்கு நேரமேது? நடையை எண்ணும் அவருடைய கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு டவாலி இருதயராஜ்தான் தினமும் நடப்பார்.

இன்று இருதயராஜுக்குக் காய்ச்சல். நிரம்பிய ஏரியின் மதகைத் திறக்கும் உத்தரவோ கையெழுத்துக்குக் காத்திருந்தது. எரிச்சலோடு நிறைமதியே ஏரிக்கரையில் நடந்தார்.

மதகுக்குக் கீழே, காய்ந்த வாய்க்காலுக்குள் அடுப்பு புகைந்தது. வாத்து மேய்ப்பவர்களின் கூடாரங்கள். ஒன்றின் வாசலில் குழந்தை தூங்கியது.

"வாய்க்கால்ல ஆளே இல்லைன்னு ஃபைல்ல எழுதியிருந்தாங்களே!" என்று பதறி இறங்கி ஓடினார்.

ஒன்பது மணிக்குக் கடைசி வாத்தும் கரையேறியது. பிறகுதான் கையெழுத்திட்டார்.

இருதயராஜ் போனில் அழைத்தார். "நாளைக்கு வந்துடுவேம்மா. பட்டையை மேஜையிலயே வெச்சிடுங்க."

"நீங்க நல்லா படுத்து எந்திரிங்க. இனிமே என் நடையை நானே நடந்துக்கறேன்."